தறி திறந்த சுவர்

எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முடிந்தது. அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் பாதித் தெருக்கள் அப்படித்தான் முடிந்தன. தோட்டம் வைத்திருந்தவர்கள் ஆளாளுக்கு நிலத்தை மனை பிரித்து விற்றபோது, தெருவைத் தங்கள் வேலி வரைக்கும்தான் போட்டார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தன் தெருவைத் தன் வேலி வரைக்கும் போட்டார். இரண்டு தெருக்களும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். நடுவில் சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஆனால் ஆள் போய்ச் சேர வேண்டுமென்றால் மெயின் ரோட்டில் இறங்கி, மேம்பாலம் ஏறி, தூரத்தில் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டும்.

பிறகு தறி வந்தது. நகரத்தின் வழிகளைப் பார்த்துக்கொள்ளும் கணினிக்கு அரசாங்கம் நீளமாக ஏதோ பெயர் வைத்திருந்தது. மில் வேலை பார்த்த ஊர் இது; பாவும் ஊடும் சேர்ப்பதுபோலத் தெருவோடு தெருவைச் சேர்க்கிறது என்று மக்களே அதற்குத் தறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். முட்டுச்சந்துச் சுவர்களையெல்லாம் நகரும் கட்டைகளால் மாற்றிக் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. எந்தச் சுவர் எப்போது விலக வேண்டும் என்பதைத் தறி முடிவு செய்யும். முதல் நாள் சுவரில் வெள்ளைக் கோடு ஒன்று விழும். ஆட்சேபணை ஏதும் இல்லாவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கட்டைகள் தாமாகவே ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும்.

அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். பீளமேட்டுப் பக்கம் ஒரு சுவர் விலகியபோது அம்மாவோடு போய் நின்று பார்த்தேன். கட்டைகள் சத்தமில்லாமல் பிரிந்தன. தூசிகூட எழவில்லை. இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருத்தி, "உங்க கொழந்தைக்கு இருமல் சரியாப் போச்சுங்களா?" என்று கேட்டாள். சுவருக்கு அப்பாலிருந்து எத்தனையோ நாள் அந்த இருமலைக் கேட்டிருக்கிறாள். அந்தச் சுவரைத்தான் திறக்க வேண்டும் என்று தறிக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. வண்டிகளை எண்ணுகிறது என்றார்கள் சிலர். தூரத்தை அளக்கிறது என்றார்கள் சிலர். தூரத்தை அளந்தால் எங்கள் சுவர் முதல் வருடமே விலகியிருக்க வேண்டும்.

எங்கள் சுவரைத் தறி தொடவேயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குட்டைமேடு. அங்கே இருந்தவர்கள் யார், சுவர் எதற்காக எழுந்தது என்பதை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். கட்டியவர் சென்னியப்பன். மனை பிரித்தவரும் அவர்தான். தெருவின் முதல் வீடு அவருடையது. வெள்ளை வேட்டி, கனத்த குரல், யாரையும் உட்காரச் சொல்லாத பழக்கம். நான்கு வருடமாகச் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்து மெயின் ரோட்டிலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் நடந்தே போய்விடலாம். ஆனாலும் காரில்தான் போவார். கூடப் போகிறவள் மருமகள் துளசிமணி. அவள் கணவர் வெளிநாட்டில். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே.

அந்த மாதம் சென்னியப்பனுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிட்டார்கள். பிழைப்பது கஷ்டம் என்று தெருவில் பேச்சு. அக்கா காலையும் மாலையும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு நாள் காலையில் அம்மா வாசலில் நின்றபடி வழக்கம்போலச் சமையல் ஆயிற்றா என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கேட்டாள். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. "இன்னிக்கு எங்க வூட்ல சமையல் இல்லீங்கக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே வந்து, கல்லில் வெந்துகொண்டிருந்த தோசையை அப்படியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தெருவில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கிறவரைக்கும் எந்த வீட்டிலும் உலை வைப்பதில்லை. பிள்ளையார் கோயிலையும் திறப்பதில்லை. அதேபோல, உங்கள் வீட்டில் இறந்துவிட்டாரா என்று வாயைத் திறந்து கேட்பதும் இல்லை. ஒருவேளை உயிர் இருந்தால்? கேட்ட வாய்க்குக் கெட்ட பெயர் வந்துவிடும். அம்மா பக்கத்து வீட்டைப் பார்த்துக் கையை மட்டும் விரித்துக் காட்டினாள். அந்த வீட்டம்மா அடுத்த வீட்டுக்குக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க அடுப்புகள் அணைந்துவிட்டன.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தப்புச் சத்தம் கேட்டது. எங்களுக்கு அதிலும் சந்தேகம் வரவில்லை. எங்கள் தெருச் சாவுக்கு அடிக்கிறவர்களும் குட்டைமேட்டிலிருந்துதான் வருவார்கள். கிளம்பும் முன் தப்பை நெருப்பில் காட்டித் தட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அங்கேயும் ஒரு வீட்டில் யாராவது இறந்திருக்கலாம் என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

பத்து மணி வாக்கில் அக்கா கிளம்பி மெயின் ரோட்டுப் பக்கம் போனாள். உடலை வாங்கப் போகிறாள் என்று நினைத்தோம். மோட்டார் பம்பு ஏஜென்சி நடத்தும் ராக்கியப்பன் ஆள் அனுப்பி ரோஜா மாலை வாங்கி வைத்தார். சின்னக் குழந்தைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அழுதன. மத்தியானம் தப்புச் சத்தம் வலுத்து, தூரம் போய், நின்றது. ஆனால் எங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் வரவில்லை.

சாயந்திரம் அக்கா திரும்பி வந்தாள். தலை குளித்த ஈரம் அப்படியே இருந்தது. வாசலில் கூடியிருந்தவர்களை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, மாமாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். ராக்கியப்பன் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவர் மனைவி அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பாய்ச் சிரித்தோம். பசியோடு சிரித்ததால் வயிறு வலித்தது. சென்னியப்பனிடம் மட்டும் இதை யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சுவரில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமாகத் தொடாத சுவரைத் தறி இன்றைக்கு ஏன் தொட வேண்டும்? ராக்கியப்பன்தான் முதலில் குதித்தார். நேற்றைய கூத்தைப் பார்த்துத்தான் மிஷின் ஏதோ தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது, விடக் கூடாது என்றார். தவறான புரிதலால் நேர்ந்தது என்று ஒரு வரி எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அனுப்பினார். எங்கள் அப்பாவும் போட்டார். வீட்டுக்குத் திரும்பியிருந்த சென்னியப்பன், கண்ணாடியைத் தேடிக் கொண்டுவரச் சொல்லி, வரியை இரண்டு தரம் படித்துவிட்டுப் போட்டார்.

ஆட்சேபணையை விசாரிக்க வழித்துறையிலிருந்து ரெஜினா என்ற பொறியாளர் வந்தார். தூத்துக்குடிப் பக்கம். நாற்பது வயதிருக்கும். துணிபோல மடிக்கிற திரை ஒன்றை விரித்து எங்கள் திண்டுச்சுவர் மேல் போட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்கிறாயா என்று கேட்டு, நகரத்தின் நூறு வருடத்தை எனக்கு ஓடவிட்டுக் காட்டினார்.

முதலில் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே இட்டேரிகள், வேலிக்கும் வேலிக்கும் இடையில் ஓடுகிற வண்டித்தடங்கள், இலை நரம்புகளைப்போல எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்தன. அழகாக இருக்கிறது என்றேன். ரெஜினா சிரித்தார். கோடு மட்டும் பார்த்தால் அழகுதான், இதில் பாதித் தடத்தில் யார் செருப்போடு போகலாம், யார் போகக் கூடாது என்பதை இந்தப் படம் காட்டாது என்றார். பிறகு இட்டேரிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மனைப்பிரிவுகள் முளைத்தன. சீப்பை உடைத்து உடைத்து எறிந்ததுபோல, பல்லுக்குப் பல் ஒட்டாத தெருக்கள். நகரம் பெரிதாகிக்கொண்டே போனது, வழிகள் குறைந்துகொண்டே வந்தன. அப்புறம் தறி வந்த வருடம். இருட்டில் ஒரு சின்ன வெளிச்சம், ஒரு சுவர் திறக்கிறது. இன்னொன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தையல் போட்டதுபோல நகரம் மறுபடி கூடிக்கொண்டு வந்தது. நான் மூச்சுவிடவும் மறந்து பார்த்தேன். மனிதர்கள் செய்த ஒன்று இவ்வளவு பொறுமையாக இருக்க முடியுமா என்றிருந்தது.

"எதை வெச்சு இது கண்டுபிடிக்குதுங்க?" என்று கேட்டேன்.

"சாதாரணமா வெளிய சொல்ல மாட்டோம். ஆட்சேபணைன்னு வந்தா சொல்லித்தான் ஆகணும், சட்டம்" என்றார் ரெஜினா. "நாங்க அதுக்கு வண்டி, தூரம் எல்லாம்தான் கொடுத்தோம். அது தானா இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டுது. இப்ப எல்லா அடுப்பும் கரண்ட்ல தானே ஓடுது? ஒரு வீட்ல சாவுன்னா எத்தனை வீட்டு அடுப்பு எரியாம இருக்குன்னு பார்க்குது. எதுவரைக்கும் எரியலையோ அதுவரைக்கும் ஒரே தெரு. நடுவுல சுவர் இருந்தா, அந்தச் சுவர் சும்மா நிக்குதுன்னு அர்த்தம். முதல்ல எங்களுக்கே நம்ப முடியல."

எங்கள் சுவரை இத்தனை நாள் ஏன் தொடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. குட்டைமேட்டுச் சாவுக்கு எங்கள் அடுப்புகள் ஒரு நாளும் அணைந்ததில்லை.

"அன்னிக்கு உங்க தெருவுல ஒரு அடுப்புகூட எரியல" என்றார் ரெஜினா. "அங்க பாப்பாத்தின்னு ஒரு அம்மா இறந்திருக்காங்க. அவங்களை எடுத்தப்புறம்தான் எரிஞ்சுது. அவங்களுக்காக இல்லைன்னு ஒரே ஒரு வீடு காரணத்தோட சொன்னாலும் போதும், கோட்டை அழிச்சிருவோம். ஆனா அதை அந்த வீட்டு ஆளுங்க முன்னாடி சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. தெருவிலேயே நாற்காலிகள் போட்டார்கள். குட்டைமேட்டிலிருந்து ஐந்தாறு பேர் வர வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிளம்பும் பேச்சுச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு அவர்கள் சுற்றிக்கொண்டு வந்து சேரும்வரை நாங்கள் காத்திருந்தோம். டீ போட்டுக் குடித்தோம். அப்புறமும் காத்திருந்தோம்.

இறந்துபோன பாப்பாத்தியின் மகள் செவ்வந்தி முன்னால் வந்தாள். ஏழெட்டு மாத வயிறு. முகமெல்லாம் வியர்வை. யாரும் நாற்காலி காட்டவில்லை. துளசிமணி அக்கா எழுந்து தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டாள். செவ்வந்தி உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கினாள். ஏற்கெனவே எல்லாம் முடிவாகிவிட்டதென்றும், தாங்கள் நன்றி சொல்லத்தான் கூப்பிடப்பட்டிருக்கிறோம் என்றும் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள் போலிருக்கிறது. அவள் சொன்னதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

"அம்மாவுக்கு அன்னிக்கு விடியக்காலம் மூச்சு முட்டுச்சுங்க. ஆட்டோவுல சுத்தித்தான் போனோம். பாலம் எறங்கறப்பவே போயிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் பொணமாத்தான் கொண்டுபோனோம். இந்தச் செவுரு தாண்டுனா ஆஸ்பத்திரிங்க. கோவமா இருந்துச்சு, பொய் சொல்லலைங்க. ஆனா நீங்க அத்தன பேரும் எங்கம்மாவுக்காகப் பட்டினி கெடந்தீங்கன்னு ஆபீசுல சொன்னாங்க. எங்க சொந்தம் ஒறம்பரையே அத்தன பேரு இல்லீங்க." கையைக் கூப்பினாள். "எனக்கு அடுத்த மாசம். இந்த வழி இருந்தா நடந்தே போயிருவேன்."

ரெஜினா ஆட்சேபணைத் தாளைப் பிரித்து, வீட்டு வாரியாகக் கேட்கப்போவதாகச் சொன்னார். முதல் வீடு சென்னியப்பனுடையது. அவர் பிரம்பு நாற்காலியில், ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே அக்கா எழுந்தாள்.

"எங்க வூட்ல அடுப்ப நிறுத்துனது நாந்தானுங்க. பாப்பாத்தியக்காவுக்காகத்தான் நிறுத்துனேன்."

தெருவே அவளைப் பார்த்தது. அன்றைக்கு அவள் சாவு வீட்டுக்குப் போய்விட்டுத்தான் தலை குளித்து வந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சென்னியப்பன் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"உனக்கும் அவளுக்கும் என்ன பழக்கம்?"

"ஆஸ்பத்திரியில உங்க ஜன்னலோரக் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவிய தானுங்க மாமா. நாலு வருசமா. நீங்க தூங்கறப்ப பேசிக்கிட்டிருப்போம்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவை என்ன செய்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ராக்கியப்பன் பக்கம் திரும்பினார்.

"சரி, இவ கதைய உடு. ராக்கியப்பா, மனு எழுதுனவன் நீதானே? உன்ற வூட்ல எதுக்கு மூட்டல?"

"அது வந்துங்ணா... தவறான புரிதல்ங்ணா."

"அதத்தான் மனுவுலயே படிச்சனே. என்னத்தத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டே? இந்தப் புள்ளயோட அம்மாவுக்கு இல்லீன்னா, வேற ஆருக்காகப் பட்டினி கெடந்தே? பேரச் சொல்லு. ஆபீசர் அம்மிணி எழுதிக்கட்டும்."

ராக்கியப்பன் வாயைத் திறந்தார். எதிரே, அவர் மாலை வாங்கி வைத்த மனிதர் உயிரோடு உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பெண் கூப்பிய கையைப் பிரிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கியப்பனின் மனைவி தலையைக் குனிந்துகொண்டு அவர் தொடையில் கிள்ளுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பாப்பாத்தியம்மாவுக்குத்தானுங்ணா" என்றார்.

"சத்தமாச் சொல்லு. அந்தம்மிணிக்குக் காது கேக்கல."

ராக்கியப்பன் சத்தமாகச் சொன்னார். ரெஜினா குறித்துக்கொண்டார். சென்னியப்பன் அடுத்த வீட்டைக் கேட்டார். அடுத்த வீட்டையும் கேட்டார். அதிகாரி கேட்க வேண்டியதையெல்லாம் அவரே கேட்டார். ஒருவரையும் விடவில்லை. அப்பாவின் முறை வந்தபோது அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாதான் சொன்னாள். "தோசை கல்லுல இருந்துச்சுங்க. அப்படியே நிறுத்திட்டேன். அந்தம்மாவுக்காகத்தான்." சொல்லிவிட்டு அம்மா அழுதாள். பொய் சொன்னதற்காக அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் எழுந்துபோய்ச் செவ்வந்தியின் முந்தானையை எடுத்து அவள் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டாள். அப்போது அது பொய்யாகத் தெரியவில்லை.

கடைசி வீடும் சொல்லி முடிந்ததும், சென்னியப்பன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இத்தன பேரு அவளுக்காகச் சோறு திங்காம இருந்துட்டு, அப்புறம் எதுக்குய்யா என்ற கிட்ட வந்து கையெழுத்துக் கேட்டீங்க?" என்றார். ரெஜினா தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

புதன்கிழமை காலை கட்டைகள் விலகின. நான் அவ்வளவு நாள் பார்த்திருந்த சுவருக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். எங்கள் தெருவைப்போலவே ஒரு தெரு இருந்தது. எங்கள் தெருவைப்போலவே வீட்டுக்கு முன்னால் வாளிகள், செருப்புகள், துவைத்துப் போட்ட பள்ளிச் சீருடை. சின்னச் சாய்வு ஒன்று. மழைத்தண்ணீர் இத்தனை வருடமாக எங்கே போய்த் தேங்கியிருக்கும் என்பது அதைப் பார்த்ததும் தெரிந்தது. செவ்வந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். துளசிமணி அக்கா கூடவே மெயின் ரோடு வரை போனாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று செவ்வந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் தெருமுனையில் நின்றபடியே அதைப் பார்க்க முடிந்தது. அவ்வளவு பக்கம்.

எல்லோருமே உடனே மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. ஒரு குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போயிற்று. ஆனால் கோடு அழியவில்லை. வழி இருந்தது.

கட்டைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பார்க்க ரெஜினா மறுபடி வந்தபோது, இனி எல்லோரும் வேண்டுமென்றே அடுப்பை அணைத்துவைத்துத் தறியை ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்டேன். தெரிந்துவிட்ட குறியை அது விட்டுவிடும், வேறு ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், அது என்ன என்று தங்களுக்கே இன்னும் தெரியாது என்றார். அவர் குரலில் பெருமையும் கொஞ்சம் பயமும் இருந்தன. நான் திரையில் எங்கள் தெருவின் அந்தக் காலை நேரத்தை ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொன்னேன். முதலில் அணைவது அக்காவின் அடுப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

அக்காவின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வழக்கமான காலைச் சமையல்போல நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலேயே வேறொரு புள்ளி அணைந்துவிட்டது. அது எங்கள் தெருவிலேயே இல்லை. மெயின் ரோட்டில் இருந்தது. அது அணைந்து கொஞ்சம் பொறுத்து அக்காவின் அடுப்பு பாதிச் சமையலில் நின்றது. பிறகு எங்கள் வீடு. பிறகு வரிசையாக எல்லாம்.

"அது என்னங்க, அந்த முதல் புள்ளி?"

ரெஜினா குனிந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி சமையல்கட்டுக் கணக்கு அது. ஒரு நோயாளியோட காலைச் சாப்பாடு. தட்டைத் தொடாமத் திருப்பி அனுப்பியிருக்காங்க. மத்தியானமும் அப்படியே. ராத்திரிதான் சாப்பிட்டிருக்காங்க." விரலால் புள்ளியைப் பெரிதாக்கினார். "சிறுநீரகப் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்."

நான் நிமிர்ந்தேன். சுவர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சென்னியப்பன் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குட்டைமேட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சைக்கிளில் வேகமாக வந்து அவர் காலை உரசிக்கொண்டு போனார்கள்.

"மெதுவாப் போங்கடா, எங்கயும் ஓடிப்போகாது ரோடு" என்று கைத்தடியை ஓங்கினார்.

பிறகு நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.